சீசன்: சொல் விளக்கம்

‘குத்தாலத்துல சீசன் எப்படி இருக்கு?’ ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் இந்தக் கேள்வி எழாத டீக்கடை இல்லை. கேட்பவர் மழையை மட்டும் விசாரிக்கவில்லை. அருவியில் தண்ணீர், வெயிலை மறைக்கும் மேகம், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் குளிர்காற்று, முகத்தில் படும் தூறல், அதைத் தேடி வரும் கூட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் இங்கே சீசன். தண்ணீர் விழுந்தும் வெயில் காய்ந்தால் ‘சீசன் டல்’ என்பார்கள்.

இச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர், ‘விதைத்தல்’ என்று பொருள்படும் ‘சத்தியோ’ என்ற இலத்தீன் சொல். விதைப்புக் காலத்தைக் குறித்தது பிறகு ஆண்டின் எந்தப் பகுதிக்கும் ஆகிவந்தது. கார், பிசானம் என்று நெல் சாகுபடியை வைத்தே காலத்தைப் பிரித்த தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இது புதிய வழக்கல்ல.

அகராதி தரும் ‘பருவம்’ பிழையில்லை. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றாலத்துக்குச் ‘சாரல் காலம்’ என்பதே பொருத்தம். ‘சார்’ என்ற வினையிலிருந்து வந்த ‘சாரல்’ மலைப்பக்கத்தையும் குறிக்கும், மலையிலிருந்து காற்றோடு வரும் தூறலையும் குறிக்கும். அரசு விழாவுக்கும் ‘சாரல் திருவிழா’ என்றே பெயர். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை பக்தர்கள் வரும் ‘ஐயப்ப சீசன்’ வேறு. அதற்குப் ‘பருவம்’ போதும்.

கடைக்காரர் வாயில் இச்சொல் கணக்காகிவிடும். ‘சீசன் கடை’ என்பது சில மாதங்களுக்கு மட்டும் இடம் எடுத்து, கொட்டகை போட்டு, துண்டு, சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புத்தான் விற்பது. ‘பருவக் கடை’ எனலாம். இடத்துக்குப் பணம் முன்னதாகவே கட்டியாக வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை வரும். கூட்டம் திரும்பும், வாடகை நிற்காது. தடையைக் குறை சொல்ல முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. ஆனால் விட்டதைப் பிடிக்க அடுத்த சனி, ஞாயிறில் ‘சீசன் ரேட்’ ஏறும்போதுதான் ஊர் தன் கையைத் தானே சுட்டுக்கொள்கிறது. இரண்டு நாள் தங்க வந்த குடும்பம் அன்று மாலையே கிளம்பும். மறுநாள் காலை இட்லிக் கடைக்கும் ஆட்டோவுக்கும் வேலை இல்லை. குளிக்க அனுமதி இருந்த நாள்களை எண்ணி இட வாடகையை வாங்கினால் இந்த ஏற்றம் பெரிதும் அடங்கும்.

பங்குனியில் பாறை காயும்போது சொல்வது ‘ஆஃப் சீசன்’. இதை ‘ஓய்வுக் காலம்’ என்று பெயர்ப்பது தவறு. சாக்கடை தூர்வாருவது, கழிப்பறைக் குழாய் மாற்றுவது, அறைக்கு வெள்ளையடிப்பது எல்லாம் அப்போது செய்தால்தான் உண்டு. தூர்வாராமல் விட்டால் ஆனி மழையில் கழிவு நேரே சிற்றாற்றில் இறங்கும். ‘ஆயத்தக் காலம்’ என்று சொல்லலாம்.