எடை தெரியாமல் எடுத்தாளும் ஆங்கில வசைகள்

ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் அதன் கெட்ட வார்த்தைகளையும் கற்பிக்க வேண்டும். பேச்சு ஆங்கிலப் பயிற்சியாளராக இதை நான் சொல்லும்போது சில பெற்றோர்களும் சில நிறுவன அதிகாரிகளும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் மாணவர்கள் அந்தச் சொற்களை அறிந்துகொண்டுதான் வகுப்புக்கே வருகிறார்கள். இணையத் தொடர்கள், வீடியோ கேம்கள், ராப் பாடல்கள் எல்லாம் நாள்தோறும் அவற்றை அவர்கள் காதில் போட்டுக்கொண்டே இருக்கின்றன. பலருக்கு உச்சரிப்புகூடக் கச்சிதமாக வந்துவிடுகிறது. அந்தச் சொல் எவ்வளவு கனமானது, யாரிடம் எங்கே சொன்னால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

தமிழில் ஒரு வசையைச் சொல்ல நினைத்தாலே நாக்கு தயங்குகிறது. சிறுவயதில் அதைச் சொன்னதற்காக வீட்டில் வாங்கிய அடி, பக்கத்து வீட்டாரின் பார்வை எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே மனதில் பதிந்திருக்கிறது. ஆங்கில வசைக்கு அப்படிப்பட்ட நினைவு எதுவும் நம்மிடம் இல்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களின் தோலில் மின்கடத்தல் எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். கூடாத சொற்களையும் சிறுவயதில் கேட்ட கண்டிப்புகளையும் தாய்மொழியில் கேட்டபோது உடல் அதிகமாக அதிர்ந்தது. ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் மொழியியலாளர் ஜான்-மார்க் டெவேல் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் சிந்திக்க வைப்பது. ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்கள் பெரும்பாலான வசைகளை உள்ளதைவிடக் கடுமையானவையாக மதிப்பிடுகிறார்கள். மிகக் கொடிய சொல்லையோ குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று அவர் கண்டார். என் வகுப்புகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். ‘டேம்’ என்ற சொல்லுக்குக் கூசுகிற அதே இளைஞர், எஃப் எழுத்தில் தொடங்கும் சொல்லை வாட்ஸ்அப்பில் மூன்றெழுத்துச் சுருக்கமாக்கி மேலாளருக்கு அனுப்பிவிடுகிறார். சுருக்கி எழுதினால் கனம் குறைந்துவிடும் என்று நம்புகிறார்.

‘பிளடி’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். 1914-இல் லண்டனில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் அரங்கேறியபோது, நாயகி எலைசா வாயிலிருந்து வந்த அந்தச் சொல் பெரும் பரபரப்பானது. பூ விற்கும் பெண்ணுக்குப் பேராசிரியர் ஒருவர் சீமாட்டியின் உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கிறார். அவளும் பிசிறில்லாமல் கற்றுக்கொண்டு, கனவான்கள் கூடியிருக்கும் அறையில் அந்தச் சொல்லைத் தெள்ளத் தெளிவாக உச்சரிக்கிறாள். உச்சரிப்பை மட்டும் கற்பித்து எடையைக் கற்பிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இன்று பிரிட்டனில் அது லேசான சொல். ஆனாலும் 2006-இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை அதே சொல்லை வைத்து உலகத்தை அழைத்து விளம்பரம் செய்தபோது, பிரிட்டன் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் அனுமதி மறுக்கப்பட்டது; பிறகுதான் தடை நீங்கியது. நம் ஊரிலோ ‘ஃபூல்’ என்பதோடு சேர்த்துச் சொன்னால் அது கைகலப்பில்கூட முடியும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2008 சிட்னி டெஸ்ட் நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவின் பிராட் ஹாக், கும்ப்ளேயையும் தோனியையும் ‘பாஸ்டர்ட்’ என்று சொன்னதாகப் புகார் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் நண்பனைத் தோளில் தட்டியும் சொல்லக்கூடிய சொல் அது. நமக்கோ அது ஒருவரின் பிறப்பையும் தாயையும் பழிப்பது. கடைசியில் இந்திய அணி புகாரைத் திரும்பப் பெற்றது. அதற்காக அந்தச் சொல்லின் காயம் பொய் என்று ஆகிவிடாது. இரு தரப்பும் ஒரே ஆங்கிலத்தைத்தான் பேசின. எடைக்கல் மட்டும் வேறாக இருந்தது.

கனம் காலத்தோடும் மாறுகிறது. முன்பு ஆங்கிலத்தில் கடவுள் பெயரை வீணாக இழுப்பதே பெருங்குற்றமாக இருந்தது. பிறகு உடலையும் பாலுறவையும் சுட்டும் சொற்கள் அந்த இடத்துக்கு வந்தன. பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் நடத்திய ஆய்வுகளில், இனத்தையும் நிறத்தையும் இழிவுபடுத்தும் சொற்களை மக்கள் மிகக் கடுமையானவற்றின் வரிசையில் வைக்கிறார்கள். பாட்டில் வருகிறதே என்று, கறுப்பினத்தவரை இழிக்கும் எ‌ன் (N) எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்ந்து பாடும் மாணவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அது வேடிக்கைச் சொல் இல்லை. வேலையே போய்விடக்கூடிய சொல். நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ‘கூலி’ என்பது நமக்கு உழைப்பின் ஊதியம். தென்னாப்பிரிக்காவில் அது இந்திய வம்சாவளியினரைக் குத்திய வசை. காந்தியையே அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன் அந்தச் சொல்லை நாம் யோசிக்காமல் உதிர்க்கக் கூடாது.

சரி, மாற்றுச் சொற்கள்? ஆங்கிலத்திலும் இடக்கரடக்கல் உண்டு. ‘டேம்’ என்பதற்கு ‘டார்ன்’, ‘ஹெல்’ என்பதற்கு ‘ஹெக்’, ‘காட்’ என்பதற்கு ‘காஷ்’, ‘ஷிட்’ என்பதற்கு ‘ஷூட்’ அல்லது ‘ஷுகர்’. கை தவறிக் காப்பி கொட்டினால் இவை போதும். ‘ஊப்ஸ்’, ‘ஓ டியர்’ இன்னும் பாதுகாப்பானவை. ‘ஓ மை காட்’ என்பது நம்மவர்கள் வாயில் சரளமாக வருகிறது. இறைப்பற்று மிகுந்த கிறிஸ்தவர்கள் சிலருக்கு அது உறுத்தும். ‘ஓ மை குட்னெஸ்’ யாரையும் உறுத்தாது. ‘ஃப்ரீக்கிங்’ போன்றவற்றை மட்டும் அலுவலகத்தில் தவிர்க்கச் சொல்வேன். எந்தச் சொல்லுக்குப் போட்ட திரை அது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நம்மவர்களின் ஆங்கிலத்தில் நான் அதிகம் அஞ்சுவது எஃப் சொல்லைப் பார்த்து அல்ல. ‘நான்சென்ஸ்’, ‘இடியட்’, ‘யூஸ்லெஸ் ஃபெலோ’, ‘ஷட் அப்’ ஆகியவற்றைப் பார்த்துத்தான். எந்தத் தணிக்கைப் பட்டியலிலும் இவை பெரிதாக இடம்பெறுவதில்லை. நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பதவியில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்து இவற்றைக் கூச்சமின்றிச் சொல்கிறார்கள். தமிழில் அதே பொருளைச் சொல்ல அவர்களே தயங்குவார்கள். ஆங்கிலத்தில் திட்டினால் அது நாகரிகம் என்று எப்படியோ ஒரு நினைப்பு வேரூன்றிவிட்டது. பாலியல் சாயல் கொண்ட சொல் என்றால் நிலைமை இன்னும் தீவிரம்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பத்தகாத வாய்மொழிச் செயலையும் குறிப்பிடுகிறது. அங்கே எந்த மொழியில் சொன்னீர்கள் என்பது கேள்வியே அல்ல.

ஆகவே சொல்லை மாற்றுவதற்கு முன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வாட் த ஹெல் இஸ் திஸ்?’ என்று கத்துகிறவருக்கு வேண்டியது விளக்கம். அதையே கேட்கலாம்: ‘கேன் யூ டெல் மீ வாட் ஹேப்பண்ட்?’ ‘ஷட் அப்’ என்பவருக்கு வேண்டியது பேசி முடிக்க இடம்: ‘ப்ளீஸ் லெட் மீ ஃபினிஷ்.’ ‘தட்ஸ் புல்ஷிட்’ என்பவர் உண்மையில் மறுக்கிறார்: ‘ஐ டோன்ட் அக்ரீ.’ இவை எளிய வாக்கியங்கள். கோபம் வந்த நேரத்தில் வாயில் வர வேண்டுமென்றால் கோபம் இல்லாத நேரத்தில் உரக்கச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். வகுப்பில் இருவர் இருவராக நிற்க வைத்து இதைத்தான் பயிற்றுவிக்கிறேன்.

கால் சென்டரில் பணியாற்றுகிறவர்களுக்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. மறுமுனையில் இருப்பவர் திட்டும்போது யாரை, எதைத் திட்டுகிறார் என்று முதலில் கவனியுங்கள். ‘மை டேம் இன்டர்நெட்’ என்றால் அவர் இணைப்பைத்தான் நொந்துகொள்கிறார், உங்களை அல்ல. அந்தச் சொல்லைக் கேளாதவர்போல் விட்டுவிட்டுப் பழுதை விசாரியுங்கள். ‘யூ’ என்று தொடங்கி வசை உங்கள்மீது பாய்ந்தால் நிலைமை வேறு. குரலை உயர்த்தாமல், ‘ஐ வாண்ட் டு ஹெல்ப் யூ, பட் ப்ளீஸ் டோன்ட் ஸ்பீக் டு மீ லைக் தட்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். தொடர்ந்தால் நிறுவன விதிப்படி எச்சரித்து அழைப்பை முடியுங்கள். கேட்ட சொல்லை அப்படியே குறித்து மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அதை எழுத வெட்கப்பட்டு, ‘தவறாகப் பேசினார்’ என்று மட்டும் குறிப்பதால்தான் பல புகார்கள் நிற்காமல் போகின்றன.