பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள்

சிசேரியன் முடிந்து நலமாக வீட்டுக்குச் சென்ற ஒரு தாய், பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சலோடும் சிறுநீர்த் தொற்றோடும் மீண்டும் வார்டுக்கு வந்திருக்கிறார். நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டால், "காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், அதுவும் வெந்நீர்தான் டாக்டர்" என்று அவருடைய அம்மா பெருமையோடு பதில் சொல்கிறார். மகப்பேறு மருத்துவராக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும், வயிறு பெருத்துவிடும் என்கிறார்கள். குடித்த தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கிறதே தவிர, கர்ப்பப்பையிலோ வயிற்றின் மேலோ போட்ட தையலை அது நனைப்பதற்கு வழியே இல்லை. சீழ் பிடிப்பது கிருமியால். கட்டுப்படாத சர்க்கரையும் இரத்தசோகையும் உடல் பருமனும் அதற்குத் துணைபோகின்றன. மாதக்கணக்கில் விரிந்துகொடுத்த தசைகள் தளர்ந்திருப்பதால்தான் வயிறு தள்ளி நிற்கிறது. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். பட்டினி போட்டாலும் தண்ணீரை நிறுத்தினாலும் அது முன்கூட்டியே சுருங்காது.

மாறாக, தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது, முக்கும்போது தையல் வலிக்கிறது, சிறுநீர் கடுக்கிறது. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது கால் இரத்தக்குழாயில் உண்டாகும் இரத்தக்கட்டு. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இரத்தம் உறையும் தன்மை கூடுதலாகவே இருக்கும்; உடல் வறட்சியும் ஓயாத படுக்கையும் அதோடு சேர்ந்தால், கெண்டைக்காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கக்கூடும். அறுவை முடிந்த ஒரு நாளுக்குள் எழுந்து நடக்கச் சொல்வது இதனால்தான், இரக்கமில்லாமல் அல்ல. இதயக் கோளாறு போன்ற காரணத்தால் மருத்துவர் அளவு குறிப்பிட்டிருந்தாலொழிய, பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் நீராகாரம் தேவை.

சுகப்பிரசவம் ஆனவளுக்கு ஒன்றுமே நடக்காததுபோல, மூன்றாம் நாளே அவளிடம் துடைப்பத்தைக் கொடுப்பதும் தவறு. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமென்றால் பிறப்புறுப்புக் காயம் ஆழமாகவே இருக்கலாம். மலமோ சிறுநீரோ அடங்காமல் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், சரிசெய்ய முடியும்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலும், கடுந்தலைவலியோடு பார்வை மங்கினாலும், மூச்சு முட்டினாலும் 108-ஐ அழையுங்கள். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் சீராக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் அது ஏறக்கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவாமல் அன்றே காட்டுங்கள். காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது சிகிச்சை வேண்டிய நோய். பிடிவாதம் என்று ஏசாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் விழுங்க வேண்டும்.

ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பாட்டியோடு அனுப்பிவிட்டுத் தாயை வீட்டில் விட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து அன்று அவரையும் அழைத்துவாருங்கள். தையலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, அடுத்த குழந்தைக்கான இடைவெளி குறித்தும் அவரிடமே பேச வேண்டியிருக்கிறது.