பிளேன்டீக்கு முன்னால் ஒரு மாத்திரை

எங்கள் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். எலும்புத் தேய்வுக்குக் கிளினிக்கில் கொடுத்த அலெண்ட்ரோனேட் மாத்திரையை விடிகாலைப் பிளேன்டீயோடு விழுங்கிவிட்டு, மறுபடி கம்பளிக்குள் சுருண்டுகொள்வார். அது இரண்டு விதத்தில் தவறு என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தபோது எதிர்ப்பட்டதுதான் பேஜட் என்ற எலும்பு நோய். இந்த மருந்துக் குடும்பத்தின் முழு வலிமையையும் அந்த நோயில் பார்க்கலாம்.

தேயிலைச் சரிவுகளில் மண் சரியாமல் கல் அடுக்கிச் சுவர் கட்டியிருப்பார்கள். தளர்ந்த கல்லை எடுத்து, வேறு கல்லை வைத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். எலும்பும் அப்படித்தான். பழையதைக் கரைக்க ஒரு வகைச் செல், புதியதைக் கட்ட இன்னொரு வகைச் செல். பேஜட் நோயில் கரைக்கும் செல்கள் பருத்து, பெருகி, எலும்பைக் கண்டபடி அரிக்கின்றன. கட்டும் செல்கள் அவசர அவசரமாக அள்ளிப் போட்டு நிரப்புகின்றன. சுவர் தடித்துவிடும், ஆனால் கல்லோடு கல் பிடிக்காது. எலும்பு வலிக்கும், வளையும், சுலபமாக முறியும். மண்டையோட்டில் வந்தால் காதும் மந்தமாகலாம். உடம்பு முழுக்க இது பரவுவதில்லை. ஒரு எலும்பிலோ சிலவற்றிலோதான் இருக்கும்.

1877இல் இதை விவரித்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட். அவர் பல வருடம் கவனித்துவந்த ஒருவருக்குத் தலை பெருத்துக்கொண்டே போனதால், தொப்பியையும் பெரிதாக வாங்க வேண்டியிருந்தது. தோட்டத்துத் துரைமார் வந்த பிரித்தானியாவில்தான் இந்த நோய் அதிகம். ஆசியாவில் அபூர்வம். ஆகவே லயத்தில் ஒரு பாட்டிக்கு முழங்கால் வலித்தால், பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானமாகத்தான் இருக்கும். ஆனால் வயதுக்கோளாறு என்று சொல்லி எல்லா வலியையும் ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு கால் மட்டும் வளைகிறது, அந்த இடம் தொட்டால் சுடுகிறது என்றால் காட்டத்தான் வேண்டும்.

முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை. அல்கலைன் பொஸ்பேட்டேஸ் என்ற நொதி கூடியிருக்கும், கல்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஈரல் கோளாறிலும் விற்றமின் டி குறைவிலும்கூட இந்த நொதி ஏறும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். அப்புறம் எக்ஸ்ரே: எலும்பு பருத்து, உள்வரிகள் முரடாகத் தெரியும். வேறு எந்தெந்த எலும்பில் இருக்கிறது என்பதை எலும்பு ஸ்கேன் காட்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் சில சமயம் இதே சாயல் வரும். அதனால் டொக்டர் நிதானமாகப் பார்ப்பதைத் தாமதம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, மருந்து. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படியும். அதுபோன்ற சுண்ணாம்புப் படிவைத் தடுக்கத் தண்ணீரில் பொஸ்பேட் சேர்மங்களைக் கலப்பதுண்டு. அந்த இனத்தைச் சேர்ந்த பைரோபொஸ்பேட் நம் உடம்பிலேயே இருக்கிறது. 1960களில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் குழுவினர் சுவிட்சர்லாந்தில் இதை ஆராய்ந்தார்கள். பைரோபொஸ்பேட்டை உடம்பு சீக்கிரம் உடைத்துவிடும். உடைப்பது யார் தெரியுமா? மேலே சொன்ன அதே அல்கலைன் பொஸ்பேட்டேஸ். மூலக்கூறின் நடுவிலுள்ள ஒட்சிசனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால் அந்த நொதியால் உடைக்க முடியாது. அதுதான் பிஸ்பொஸ்போனேட். பெரியம்மாவின் அலெண்ட்ரோனேட்டும் இந்தக் குடும்பம்தான்.

அது எலும்பின் கல்சியத்தில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கரைக்கும் செல் வந்து அமிலம் ஊற்றி எலும்பை அரிக்கும்போது, மருந்தையும் சேர்த்து விழுங்கும். உள்ளே போனதும் அந்தச் செல்லுக்குத் தேவையான ஒரு நொதியை மருந்து முடக்க, செல் செயலிழந்து மடிகிறது. அதிகம் அரிப்பவனுக்கே அதிக மருந்து! நான் வியந்து நின்ற இடம் இது.

ஆனால் வாயால் எடுத்தால் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. தேநீரோ பாலோ சாப்பாடோ கூடவே போனால் அதுவும் போச்சு. வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

பேஜட் நோய்க்கு இப்போது பெரும்பாலும் முதலில் யோசிப்பது அதே குடும்பத்துச் சொலெட்ரோனிக் அமிலம்: 5 மில்லிகிராம், இரத்த நாளம் வழியாக, குறைந்தது 15 நிமிடம். ஒரே தடவையில் பெரும்பாலானோருக்கு அல்கலைன் பொஸ்பேட்டேஸ் அளவு இறங்கி, பல வருடம் அப்படியே இருக்கும். ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்ப்பார்கள். விற்றமின் டி குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் கல்சியம் ஆபத்தாக இறங்கிவிடலாம். அபூர்வமாகத் தாடையெலும்பு பாதிக்கப்படலாம் என்பதால், வெற்றிலை போட்டுப் பல் ஆடுகிறவர்கள் பிடுங்க வேண்டியதை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்வது நல்லது.

வளைந்த கால் இதனால் நிமிராது, போன செவிப்புலனும் திரும்பாது. எலும்பிலிருந்து வரும் வலி குறையும். பிறகு அவ்வப்போது அதே இரத்தப் பரிசோதனை. நொதி மறுபடி ஏறி வலியும் திரும்பினால் இன்னொரு தடவை ஏற்றுவார்கள்.