செய்வதா, வாங்குவதா? வீட்டில் பீர் காய்ச்சக் கருவி சேர்க்கும் முன்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் நொதிகலனை, அதாவது பீரை நொதிக்கவைக்கும் பாத்திரத்தை, தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். 30 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம். அடிப்பக்கம் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, அவரே வெல்டிங் செய்திருந்தார். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் அதில் வைத்த பீர் தொடர்ந்து நான்கு முறை புளித்துப் போயிருந்தது. ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்தார், கிருமிநாசினியை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. நான் சின்ன கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். குழாய் சேரும் இடத்தில், வெல்டிங்கின் பின்பக்கம், கருகிய சர்க்கரைப் பாகு போலக் கறுப்பாகச் சொரசொரவென்று ஒரு படிவு. எந்தத் தூரிகையும் அதற்குள் போகாது. நான்கு முறை காய்ச்சியதும் அங்கேதான் கெட்டிருக்கிறது.

உணவு, பானத் தொழிற்சாலைகளுக்கான கலன்களைச் செய்து சோதிப்பது என் தொழில். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "இதை நானே செய்துகொள்ளலாமா, வாங்கிவிடட்டுமா?" பெரும்பாலும் செலவை மனதில் வைத்துத்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. அது பழுதானால் என்ன ஆகும்? ஒரு நாள் உழைப்பு வீணாகும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கை கால் போகும், மின்சாரம் தாக்கும், குடிப்பவர் வயிற்றுக்குள் உலோகம் போகும் என்றால் வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சொல். பீர் வீட்டில் காய்ச்ச அனுமதி உள்ள இடங்களும் உண்டு, குற்றமாகும் இடங்களும் உண்டு. வடித்தெடுக்கும் சாராயம் முற்றிலும் வேறு விஷயம், பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் கூடாது. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைப் பாருங்கள்.

முதலில் அழுத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். அறை வெப்பத்தில், அதாவது சுமார் 20 டிகிரியில், பீரைத் தள்ளி ஊற்றப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 57 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). பீரை ஊற்றத் தேவையானது 1 பார் அளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெகுலேட்டர் மட்டுமே. அதைப் பழைய சாமான்களிலிருந்து கழற்றிப் பொருத்தி மிச்சம் பிடிக்க வேண்டாம். பீரை அழுத்தத்தோடு அடைத்துவைக்கும் பீப்பாயான கெக்கும் அப்படித்தான். 19 லிட்டர் கெக்குகள் பொதுவாக 9 பார் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை, மூடியில் அழுத்தம் வெளியேற வால்வும் இருக்கும். தண்ணீர் கேன், பிளாஸ்டிக் பீப்பாய் போன்றவற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பார்க்க எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அவை அழுத்தத்துக்காகச் செய்யப்படவில்லை. 2012-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில், ஒரு பீர் தொழிற்சாலையில் சுத்தம் செய்துகொண்டிருந்த பிளாஸ்டிக் கெக் வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். தொழிலே அதுவாக இருந்த ஓர் இடத்தில் நடந்தது அது.

பெரிய பீர் கெக்கை வெட்டிக் கொதிகலனாக மாற்றுவது பலருக்கு ஆசை. அதில் இரண்டு விஷயம். ஒன்று, பெரும்பாலான கெக்குகள் அவற்றை நிரப்பி அனுப்பும் நிறுவனத்தின் சொத்து. முன்பணம் கட்டி எடுத்து வந்தால் அது உங்களுடையது ஆகிவிடாது. இன்னொன்று, உள்ளே நீளமாக ஒரு குழாய் வளையத்தால் பூட்டப்பட்டிருக்கும். அழுத்தத்தை முழுசாக வெளியேற்றாமல் அந்த வளையத்தைக் கழற்றினால் குழாய் அம்பு போல மேலே பாயும். முகத்தைக் குனிந்து வைத்துத்தான் எல்லோரும் அதைக் கழற்றுவார்கள்.

சிலிண்டர் இல்லாமலும் அழுத்தம் வரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சராசரி வலிமையுள்ள 20 லிட்டர் பீர் நொதித்து முடிப்பதற்குள் 400 லிட்டருக்கு மேல் வாயுவை வெளியே தள்ளும். மூடியில் வாயுவை வெளியே மட்டும் விடும் அந்தச் சின்ன ஏர்லாக்கை நுரையும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் அடைத்துக்கொண்டால் மூடி கூரையில் போய் இடிக்கும். கண்ணாடிக் குடுவை என்றால் உடையும். நொதிப்பு அதிகமுள்ள முதல் இரண்டு மூன்று நாளைக்கு அகலமான குழாய் ஒன்றை மூடியிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விட்டுவிடுங்கள். இதை நீங்களே செய்யலாம், பத்து நிமிட வேலை. கண்ணாடிக் குடுவையைப் பற்றிக் கேட்டால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நிரம்பிய குடுவை 25 கிலோ இருக்கும், ஈரக் கையில் வழுக்கும், உடைந்தால் கையின் தசைநாரையே அறுத்துவிடும்.

அடுத்தது மின்சாரம். 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2.3 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு வேகத்தில் ஓடினால்தான் தண்ணீர் கொதிக்கவே தொடங்கும். அப்புறம் இன்னொரு மணி நேரக் கொதி. இவ்வளவு நேரமும் தரை ஈரம், கை ஈரம், பொங்கி வழிந்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு வேறு. நான் பார்த்த சொந்தத் தயாரிப்புகளில் ஹீட்டருக்கு எர்த் கொடுத்திருப்பார்கள், பாத்திரத்தின் உடலுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒயரைத் திருகி டேப் சுற்றிய இணைப்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்கும். வீட்டு வயரிங் வேலை முறைப்படி தெரிந்தவர் அல்ல என்றால் ஹீட்டரோடு வரும் கொதிகலனை வாங்கிவிடுங்கள். வாங்கினாலும் செய்தாலும், கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடும் முன்பே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைப் பொருத்திய பிறகுதான் பீர் காய்ச்ச வேண்டும். கேஸ் பர்னர் வைத்துக்கொள்கிறவர்கள் அதை வீட்டுக்குள் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரிய வரும்போது எழுந்து போகத் தெம்பு இருக்காது.

இனி நான் தொடங்கிய விஷயம், உலோகமும் வெல்டிங்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியத்தால். நாம் அதிகம் பார்க்கும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். வெளியிலிருந்து வெல்டிங் செய்யும்போது உள்பக்கமும் பழுக்கக் காய்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கருகிப்போகும். அந்த இடத்தில் குரோமியம் குறைந்துவிடும், துரு அங்கிருந்து தொடங்கும், பாக்டீரியா அதற்குள் குடியேறும். இதைத் தடுக்க உள்பக்கம் ஆர்கான் வாயுவை நிரப்பிக்கொண்டு வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வசதி பட்டறையில் இருக்கும், வீட்டில் அநேகமாக இருக்காது. அதனால் நொதிகலனில் நீங்களே வெல்டிங் செய்யாதீர்கள். கொதிகலனில் தேவையென்றால் ஓட்டை போட்டு, சிலிகோன் கேஸ்கெட்டும் நட்டும் வைத்து இறுக்கும் வகைப் பொருத்துகள் கிடைக்கின்றன. கழற்றிக் கழுவலாம், அதுதான் முக்கியம். வால்வு வாங்கும்போதும் மூன்று துண்டாகப் பிரியும் பந்து வால்வாகப் பார்த்து வாங்குங்கள். பிரிக்க முடியாத வால்வின் பந்துக்குப் பின்னால் பழைய சாறு தங்கி அழுகும். எவர்சில்வரை குளோரின் பிளீச்சில் ஊறப்போடவும் வேண்டாம், பொடிப்பொடியாகக் குழி விழும்.

துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. வாளி பக்கம் போகவே வேண்டாம். மால்ட் சாறின் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.2-இலிருந்து 5.6 வரை இருக்கும், பீராகும்போது 4.5-க்கும் கீழே இறங்கும். அந்தப் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும். ஈயம் கலந்த பற்றவைப்பும் அப்படியே. பிளாஸ்டிக்கில் உணவுக்கானது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்லும், உணவுக்கு உகந்ததா என்று சொல்லாது. சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரியைத் தாண்டினாலே இளகும். சூடான சாறுக்கு சிலிகோன் குழாய்தான்.

சரி, எதைத்தான் நீங்களே செய்வது? நிறைய இருக்கிறது, செய்யும் சந்தோஷமும் அதில்தான். கொதித்த சாறை ஆறவைக்கும் செம்புச் சுருள் என் முதல் சிபாரிசு. 9 அல்லது 10 மில்லிமீட்டர் மென்செம்புக் குழாய் 10 மீட்டர் வாங்கி, பாத்திரத்தைவிடச் சற்று ஒல்லியான ஓர் உருளையின் மேல் நிதானமாகச் சுற்றுங்கள். குழாய் மடங்கிவிடாமல் இருக்க உள்ளே உலர்ந்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிட்டுச் சுற்றலாம், பிறகு நன்றாக அலசி எடுத்துவிட வேண்டும். இணைப்புகள் எல்லாம் பாத்திரத்துக்கு வெளியே இருக்கட்டும், சாறில் எந்தப் பற்றவைப்பும் படக்கூடாது. புளிப்பான சூடான சாறில் செம்பு இருப்பதில் தவறில்லை. நொதித்து முடிந்த பீரில் செம்பு படக்கூடாது, சுவை சீக்கிரம் மங்கிவிடும்.

மால்ட்டை 65 முதல் 68 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைக்க ஐஸ்பெட்டி ஒன்று போதும். சூடு தங்கும் வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, நீங்கள் ஒரு வால்வும் உள்ளே ஒரு வலையும் பொருத்தினால் முடிந்தது. அதையும் விட எளிது, துணிப்பை. ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்களிடையே பரவிய முறை இது. சூடு தாங்கும் மெல்லிய வலைத்துணியில் பை தைத்து, அதில் மால்ட்டைப் போட்டு, கொதிகலனுக்குள்ளேயே ஊறவைத்துத் தூக்கிவிடுவது. தனிப் பாத்திரமே வேண்டாம்.

நொதிக்கும்போது வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கப் பழைய ஃப்ரிட்ஜைப் பயன்படுத்துவதும் நல்ல யோசனை. ஆனால் அதன் சுவரில் துளை போட வேண்டாம். உள்ளே குளிர்வாயுக் குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது, இப்போதைய பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தயாராக வாங்கி, ஃப்ரிட்ஜின் பிளக்கை அதில் செருகி, சென்சார் ஒயரைக் கதவு இடுக்கு வழியாக விடுங்கள். சென்சார் காற்றில் தொங்கக்கூடாது. நொதிகலனின் உடலில் ஒட்டி மேலே ஒரு ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டுங்கள், ஏனென்றால் நொதிக்கும் பீர் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும்.

ஹைட்ரோமீட்டர் (சாறின் அடர்த்தியைக் காட்டுவது), தெர்மாமீட்டர் போன்ற அளக்கும் சாதனங்களை வாங்குங்கள். தாங்கிகள், மேசை, பாட்டில் காயவைக்கும் ஸ்டாண்ட் எல்லாம் செய்யுங்கள். இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. பாகங்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்கினால் மட்டும் மரை விஷயத்தில் எச்சரிக்கை. அரை அங்குலத்தில் அமெரிக்க முறையான என்.பி.டி. மரைக்கும் பிரிட்டிஷ் முறையான பி.எஸ்.பி. மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான், அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும். ஆனால் ஒன்றின் கோணம் 60 டிகிரி, மற்றதன் கோணம் 55. எவ்வளவு இறுக்கினாலும் கசியும், கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் வால்வு விரிசல் விடும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்குகிறவர்களில் பலர் ஒரு வருடம் கழித்தும் ஒரு முறைகூடக் காய்ச்சியிருக்க மாட்டார்கள். பாதி முடிந்த கருவிகளோடு ஆர்வம் போய்விடும். முதல் நான்கைந்து முறை பெரிய பாத்திரம், துணிப்பை, மூடியுள்ள உணவு ரக வாளி, இவற்றோடு காய்ச்சிப் பாருங்கள். எந்த வேலை உங்களைக் களைப்பாக்குகிறது, எங்கே நேரம் போகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த ஒன்றை முதலில் செய்யுங்கள் அல்லது வாங்குங்கள்.

செய்து முடித்த எதையும் நேராக மால்ட்டில் பயன்படுத்தாதீர்கள். ஒரு நாள் முழுவதும் வெறும் தண்ணீரோடு ஓட்டுங்கள். நிரப்பி, கொதிக்கவைத்து, எல்லா வால்வு வழியாகவும் விட்டு, சுருளில் தண்ணீரைப் பாயவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு காகிதத்துண்டு போட்டுவிட்டால் எது கசிகிறது என்று காலையில் தெரிந்துவிடும். உள்ளே நின்ற தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து முகர்ந்து பாருங்கள். ரப்பர் வாடை, எண்ணெய் வாடை, காசை மோந்தது போன்ற வாடை ஏதாவது வந்தால், எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுங்கள். அது கிடைக்கும்வரை மால்ட் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.