ரெகுலேட்: கட்டுப்படுத்தல் அல்ல, நெறிப்படுத்தல்

"மூளையிலும் குடலிலும் உள்ள பெப்டைடுகள் விலங்குகளின் புரோலாக்டின் சுரப்பைக் கட்டுப்படுத்துகின்றன." உடலியல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியத்தைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; புரோலாக்டின் பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். இதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? பெப்டைடு கூடினால் புரோலாக்டின் குறையும் என்றுதான். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. அந்தப் பெப்டைடுகளில் பல, சுரப்பைக் கூட்டுபவை.

ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ரெகுலேட். லத்தீனில் ரெகுலா என்றால் கோடு நேராக இழுக்க உதவும் கோல். நேரே செலுத்துதல் என்ற பொருளுள்ள ரெகெரே என்ற வினையிலிருந்து வந்தது. கூட்டுவதும் குறைப்பதும் அதற்குள் அடக்கம்.

கட்டுப்படுத்து என்பதன் வேர் கட்டு. கட்டினால் நகர முடியாது. காய்ச்சல் கட்டுக்குள் வந்தது என்றால் இறங்கியது என்று பொருள். செலவைக் கட்டுப்படுத்து என்றால் குறை என்று பொருள். இந்தச் சொல்லால் எதையும் கூட்டச் சொன்னவர் யாரும் இல்லை. அகராதியில் இரண்டு பொருளும் போட்டிருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். போட்டிருக்கலாம். வாசகர் அகராதியை வைத்துக்கொண்டு படிப்பதில்லை, காதில் பழகிய பொருளை வைத்துத்தான் படிக்கிறார்.

புரோலாக்டினைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடலில் சுரக்கும் மற்ற ஹார்மோன்களுக்கு மூளையிலிருந்து முக்கியமாகத் தூண்டுதல் வேண்டும். பாலூட்டிகளில் புரோலாக்டினுக்கு மட்டும் முக்கியமாக வருவது தடை. எலியின் பிட்யூட்டரியை எடுத்து, மூளையின் தொடர்பு இல்லாதபடி சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தால் மற்ற ஹார்மோன்கள் சரிகின்றன, புரோலாக்டின் ஏறுகிறது. தடுத்துக்கொண்டிருந்தது, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள். அது பெப்டைடே அல்ல. ஆக, கட்டுப்படுத்துகிறது என்ற சொல் இங்கே உண்மையாகவே பொருந்துவது டோபமைனுக்கு. அதே சொல்லைப் பெப்டைடுகளுக்கும் போட்டுவிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறது.

விஐபி (வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைடு; இன்டெஸ்டினல் என்றால் குடல் சார்ந்த) என்ற பெப்டைடை எடுத்துக்கொள்வோம். 28 அமினோ அமிலங்கள் கொண்டது. 1970இல் செய்யித், மட் என்ற இரு ஆய்வாளர்கள் பன்றியின் சிறுகுடலிலிருந்து பிரித்தெடுத்ததால் பெயரிலேயே குடல் ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்தால் மூளையிலும் இருந்தது. பறவைகளில் புரோலாக்டினைச் சுரக்கவைக்கும் முதன்மைத் தூண்டியே இதுதான். வான்கோழியின் உடலில் விஐபிக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகும்படி செய்தால் புரோலாக்டின் சரிகிறது, அடைகாப்பதும் தடைப்படுகிறது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட டிஆர்ஹெச் தைராய்டுத் தூண்டலுக்காகப் பெயர் பெற்றது, ஆனால் புரோலாக்டினையும் ஏற்றுகிறது. சொமட்டோஸ்டாட்டின் என்ற பெப்டைடு அதை இறக்குகிறது. மூளையிலேயே உண்டாகி அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு பெப்டைடுகள் டோபமைனை அடக்கி, அதன் வழியாகப் புரோலாக்டினை உயர்த்துகின்றன. இந்தக் கடைசிச் சங்கதியை, "டோபமைனைக் கட்டுப்படுத்தி புரோலாக்டினைக் கட்டுப்படுத்துகின்றன" என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

சரி, மாற்று என்ன? ஒழுங்குபடுத்தல் என்பார்கள். அது முன்பே ஒழுங்கு கெட்டிருந்ததைச் சரிசெய்வது போல ஒலிக்கிறது. சீராக்கல் இன்னும் பொருந்தாது. புரோலாக்டின் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை; குட்டி பால் குடிக்கும்போது ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. ஆற்றுப்படுத்தல் அழகான பழஞ்சொல், வழிகாட்டுதல் என்ற பொருளும் கச்சிதம். ஆனால் உளவள ஆலோசனைக்கு அந்தச் சொல் வழங்கிவிட்டது.

எனக்குச் சரியாகப் படுவது நெறிப்படுத்தல். நெறி என்றால் வழி. வழியில் செலுத்துபவர் முடுக்கவும் செய்வார், நிறுத்தவும் செய்வார். லத்தீன் கோலின் பொருளுக்கும் இது வெகு அருகில் நிற்கிறது.

பெப்டைடையும் புரோலாக்டினையும் அப்படியே எழுதுவதில் எனக்கு மறுப்பு இல்லை. புரோலாக்டினைப் பால்சுரப்பி என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியாது. சுரப்பி என்பது சுரக்கும் உறுப்பு. பால்சுரப்பி என்றால் மடியில் உள்ள சுரப்பி. பெயர்ச்சொற்களைத் தமிழாக்க இத்தனை பாடுபடுகிறவர்கள் வினைச்சொல்லைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதே என் பெரிய குறை. வாக்கியத்தில் எது எதை என்ன செய்கிறது என்று சொல்வது வினைதானே.

இன்னொன்று: பொதுவாகச் சொல்லும் இடத்தில் மட்டும் நெறிப்படுத்தல் போதும். திசை தெரிந்துவிட்டால் அதையும் விட்டுவிடலாம். விஐபி தூண்டுகிறது, சொமட்டோஸ்டாட்டின் குறைக்கிறது, டோபமைன் தடுக்கிறது என்றே எழுதலாம்.