‘பிர்’ என்றால் எப்போதும் ‘ஒன்று’ இல்லை

துருக்கி மொழி சொல்லிக்கொடுப்பதும், பழகுகிறவர்களின் மொழிபெயர்ப்பைத் திருத்துவதும்தான் என் பிழைப்பு. போன மாதம் ஒரு பயிற்சித் தாளில் நோயாளி டாக்டரிடம் சொல்லும் வரி: ‘ஆரு பிர் ஆர்த்துயோர் பிர் அஸாலுயோர்.’ மாணவர் எழுதியிருந்தது: ‘ஒரு வலி கூடுகிறது, ஒரு வலி குறைகிறது.’ நோயாளிக்கு இருந்ததோ ஒரே வலி.

‘பிர்’ என்றால் ஒன்று. முதல் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் அது ஜோடியாக வந்து இரண்டு வினைகளுக்கு முன்னால் நின்றால், எண்ணிக்கை போய் மாறி மாறி நடப்பதைக் காட்டும். ‘ஒரு சமயம் கூடுது, ஒரு சமயம் குறையுது’ என்போமே, அதேதான். (‘ஆர்த்துயோர்’ என்பதில் உள்ள ‘து’வை ‘காது’ என்பதில் வருகிற மாதிரி, உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள். நம் குற்றியலுகரம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.)

இதைவிட ஆபத்தானது ‘நெ... நெ’. குழந்தையைக் கூட்டிவந்த தாய், ‘நெ ஆத்தெஷி வார் நெ ஒக்ஸுருயு’ என்கிறார். ‘ஆத்தெஷ்’ காய்ச்சல், ‘வார்’ இருக்கிறது. எதிர்மறை வினை எங்கேயும் கிடையாது. பொருள் மட்டும் ‘காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை’. தமிழில் கடைசியில் ஒரு ‘இல்லை’ வந்தே தீர வேண்டும் என்பதால், ‘வார்’ கேட்டதும் கை தானாக ‘இருக்கிறது’ என்று எழுதிவிடும். போதாததற்கு, தனியாக வரும் ‘நெ’வுக்கு ‘என்ன’ என்று பொருள். ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போகிறவர்கள் முதல் ‘நெ’ காதில் விழுந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, இரண்டாவது வருகிறதா என்று காத்திருக்க வேண்டும்.

‘உள்ள’ என்று பொருள் தரும் ‘லி’ விகுதியின் (சில சொற்களில் ‘லு’ என்று ஒலிக்கும்) ஜோடி சுலபம். ‘இனிஷ்லி சுகுஷ்லு’ என்றால் ஏற்ற இறக்கம் உள்ளது. பாதைக்கும் சொல்லலாம், வாழ்க்கைக்கும் சொல்லலாம். ஒன்றில் ‘லி’யும் மற்றதில் இன்மையைக் குறிக்கும் ‘ஸிஸ்’ஸும் வந்தால் கொஞ்சம் சலிப்பும் சேர்ந்துகொள்ளும். ‘வக்கித்லி வக்கித்ஸிஸ்’ போன் செய்கிறான் என்றால், நேரங்காலம் இல்லாமல் கூப்பிடுகிறான்.

சரி, நான் சறுக்கியதையும் சொல்கிறேன். ‘கெலிர் கெல்மெஸ்’: சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வருவான், வரமாட்டான்’. ஆள் வருவது சந்தேகம் என்று நினைத்து அரைப் பக்கம் தப்பாக எழுதிவிட்டேன். அப்புறம்தான் அம்மா திட்டுவது ஞாபகம் வந்தது: ‘வந்ததும் வராததுமா சோறு கேக்குறான் பாரு!’ அச்சு அசல் அதேதான். அவன் வருவதில் சந்தேகமே இல்லை.