கம்போங்: குக்கிராமம் அல்ல, ஊர்

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் பிழை திருத்த வந்தது. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள ஆச்சே மாகாணத்தின் கடலோரத்தில் நெல் விளையும் ஓர் ஊரைப் பற்றி நாலு பக்கம். "இது ஆச்சே மாகாணத்தில் அமைந்துள்ள ஒரு சிறிய குக்கிராமம் ஆகும்" என்பது முதல் வரி. குக்கிராமம் என்றாலே சின்னது, அதற்கு முன்னால் 'சிறிய' எதற்கு என்பது இருக்கட்டும். மூன்றாவது பக்கத்துக்குப் போனால், அதே குக்கிராமத்துக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் இருக்கிறார், பெரியவர்களின் அவை இருக்கிறது, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுத் தர ஓர் ஆள் இருக்கிறார். இத்தனையும் உள்ள இடத்தை நம்மில் யார் குக்கிராமம் என்போம்? இந்த ஒருவர் செய்த தவறு என்றால் திருத்திவிட்டு விட்டிருப்பேன். சுமத்ரா ஊர்களைப் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் இந்தச் சொல்தான் வந்து முட்டுகிறது.

மூலத்தில் உள்ள சொல் கம்போங். காந்தி என்னும்போது வருகிற ககரத்தை முதலெழுத்துக்குக் கொடுக்க வேண்டும். மலாய் மொழியில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அங்கே முதலெழுத்து கம்பளியின் ககரம். வேர்ப்பொருள் கூடுதல், ஒன்றுசேர்தல். மலாயில் 'பெர்கம்போங்' என்றால் ஓரிடத்தில் கூடுவது. நாம் காம்பவுண்டுச் சுவர் என்கிறோமே, அந்தக் காம்பவுண்டும் இந்தச் சொல்லிலிருந்து போனதுதான் என்று அகராதிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். வேர் பற்றி இவ்வளவு போதும்.

இன்றைய ஆச்சேயில் கம்போங் என்பது ஆட்சியமைப்பின் கடைசிப் படி. 6,500-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் இருக்கின்றன. பல கம்போங் சேர்ந்தது ஒரு முகிம். 2006-ஆம் ஆண்டின் ஆச்சே ஆட்சிச் சட்டம் கம்போங்கை வரையறுக்கும்போது 'முகிமுக்குக் கீழ் உள்ள, கெச்சிக்கின் தலைமையில் இயங்கும் சட்டச் சமூகம்' என்ற பொருள் வரும்படி சொல்கிறது. நிலப்பரப்பு என்று தொடங்கவில்லை, மக்கள் சமூகம் என்று தொடங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு காலம் இந்தச் சொல்லே அரசுத் தாள்களில் இல்லாமல் போனது. 1979-இல் ஜகார்த்தா கொண்டுவந்த சட்டம் நாடு முழுவதும் ஊர்களுக்கு 'தேசா' என்று ஒரே பெயரையும், ஜாவா முறையில் ஒரே அமைப்பையும் கொடுத்தது. தேசா வேறொன்றும் இல்லை, நம் தேசம்தான். வடமொழியிலிருந்து ஜாவாவுக்குப் போய் ஊர் என்று பொருள் சுருங்கிவிட்டது. ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் 'கலாமுதிர்க் கடுந்திறல் இலாமுரிதேசமும்' என்று வருகிறதே, அந்த இலாமுரி இன்றைய ஆச்சேயின் வடமுனையில் இருந்தது. சோழர் காலத் தமிழ் தேசம் என்று அழைத்த மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு கம்போங்கும் தேசாவாகியது. 2001-இன் தனி அதிகாரச் சட்டத்துக்கும் 2003-இன் ஆச்சே கானூன் என்ற மாகாணச் சட்டத்துக்கும் பிறகுதான் கம்போங் தன் பெயரோடு திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வந்த பெயரை நாம் எடுத்துக் குக்கிராமம் என்று எழுதுகிறோம். எனக்கு இதில்தான் வருத்தம்.

குக்கிராமம் ஏன் ஆகாது? முதலில் அந்தக் 'கு'வைப் பாருங்கள். குதர்க்கம், குயுக்தி என்கிறோம். அங்கெல்லாம் 'கு' வந்தால் குறைவு, இழிவு. குக்கிராமத்திலும் அதே 'கு'தான். பஸ் போகாத, பள்ளிக்கூடம் இல்லாத, யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்பதுதான் நம் காதில் விழும் பொருள். ஆச்சேக்காரர் யாரும் தன் கம்போங்கை அப்படி நினைப்பதில்லை. இரண்டாவது, பாண்டா ஆச்சே தலைநகரம். அந்த நகராட்சிக்குள் 90 கம்போங் இருக்கின்றன. கடைத்தெருவும் காபிக்கடைகளும் நெருக்கியடிக்கிற பெனாயோங் ஒரு கம்போங். அதைக் குக்கிராமம் என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? 'கிராமம்' என்று மட்டும் எழுதினாலும் இதே இடத்தில் முட்டிக்கொள்ளும். கிராமம் என்றால் நகரத்துக்கு எதிர்ப்பதம் என்று நமக்குப் பழகிவிட்டது. கம்போங்குக்கு அந்த எதிர்ப்பதம் கிடையாது.

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் சிற்றூர் என்று போடச் சொன்னார். அழகான சொல். சங்கப் பாடல்களின் சீறூர் அதன் முன்னோர். ஆனால் அதுவும் அளவைத்தான் பேசுகிறது. கடலோரம் என்பதால் குப்பம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது இன்னும் தவறு. ஆச்சே கரையோரத்தில் மணல்மேட்டுக்குப் பின்னால் தென்னை, தென்னைக்குப் பின்னால் நெல்வயல். ஒரே வீட்டில் அண்ணன் படகுக்குப் போவார், தம்பி நாற்று நடுவார். குப்பம் என்றதும் அந்த வயல் முழுதும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

மலேசியத் தமிழர்களின் 'கம்பம்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கம்பத்து வீடு, மலாய்க் கம்பம் என்று அங்கே பேச்சிலும் எழுத்திலும் உயிரோடு இருக்கிற சொல். கேட்கிற சொல்லைத் தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைத்து, மகர ஈறு கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். நல்ல சொல்லாக்கம் அப்படித்தான் நடக்கும். அவர்கள் தங்கள் நாட்டு ஊர்களை அப்படி அழைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆச்சேக்கு அதைக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். தஞ்சாவூரில் படிப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் படிப்பவருக்கும் கம்பம் என்றால் நட்டுவைத்த தூண். தேனிப் பக்கத்துக்காரருக்குத் திராட்சை விளையும் கம்பம். 'கம்பத்தின் தலைவர் விதைப்பு நாளைக் குறித்தார்' என்று எழுதினால் பொருள் புரியவே அடிக்குறிப்பு வேண்டும்.

சரி, அப்புறம் எது? நம்மிடம் உள்ள மிகப் பழைய சொல்லே போதும்: ஊர்.

ஆச்சே மொழியில் 'வோ உ கம்போங்' என்றால் வீடு திரும்புவது. பெருநாளுக்கு முதல் நாள் பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறவர் சொல்வது இதுதான். நம் ஆள் பொங்கலுக்கு முதல் நாள் 'ஊருக்குப் போறேன்' என்கிறார். 'குக்கிராமத்துக்குப் போறேன்' என்று எவரும் சொல்லிக் கேட்டதுண்டா? ஊர் பெரிதாகவும் இருக்கும், சிறிதாகவும் இருக்கும். மதுரையும் ஊர், மதுரைக்குப் பக்கத்தில் நாற்பது வீடு உள்ளதும் ஊர். 'ஊர் சிரிக்கும்' என்னும்போது சிரிப்பது நிலம் அல்ல, மனிதர்கள். சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது இடத்துக்கும் பெயர், கூடி முடிவெடுக்கும் அவைக்கும் பெயர். 'ஊரோம்' என்று அவர்களே கையெழுத்திட்டிருக்கிறார்கள். கூடுதல் என்ற வேரும் சட்டச் சமூகம் என்ற வரையறையும் இந்த ஒரு சொல்லில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

ஊர் என்று வைத்துக்கொண்டால் கூட வருகிற சொற்களும் தானே வழிக்கு வருகின்றன. கெச்சிக் என்பவரை மேயர் என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ஊர்த்தலைவர் என்றால் முடிந்தது. கெச்சிக் ஊருக்குத் தகப்பன், தொழுகையும் சமயமும் பார்த்துக்கொள்ளும் தெங்கு ஊருக்குத் தாய் என்பது அங்கே பழைய வழக்கு. துஹா புவெட் என்ற அவையை 'நால்வர் முதியோர் மன்றம்' என்று மூன்று சொல் அடுக்கி எழுதுகிறார்கள். துஹா மூத்தவர், புவெட் நாலு. 'ஊர்ல நாலு பெரியவங்க' என்று நாம் நாள்தோறும் சொல்வது எதற்கு இருக்கிறது?

கெஜ்ருன் ப்லாங் கொஞ்சம் கடினம். ப்லாங் என்பது நெல்வயல் பரப்பு. எப்போது உழுவது, எந்த மடை முதலில் திறப்பது, நடவுக்கு முன் வயலில் கூடி உண்ணும் கந்தூரி என்றைக்கு என்பதெல்லாம் இவர் பொறுப்பு. 'வேளாண் அலுவலர்' என்று எழுதினால் ஜீப்பில் வந்து இறங்கும் அரசு ஊழியர்தான் நினைவுக்கு வருவார். பாண்டி நாட்டு ஏரிகளில் தண்ணீர் பங்கிட நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு, ஆனால் அவர் வேலை தண்ணீரோடு நின்றுவிடும். இலங்கையின் கிழக்கில் வட்டை விதானையார் என்பார்கள். வட்டை என்றால் வயல்வெளி. கெஜ்ருன் ப்லாங்குக்கு இதைவிட நெருங்கிய சொல்லை நான் பார்த்ததில்லை. பங்லிமா லாவோட் என்பவரைக் 'கடல் தளபதி' என்று எழுதிக் கையில் வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் மீனவர் வழக்கைத் தீர்ப்பவர், வெள்ளிக்கிழமை தொழுகை முடியும்வரை படகு இறங்காமல் பார்த்துக்கொள்பவர். கடல் தலைவர் என்று விட்டால் போதும்.

மெனாசாவை மட்டும் அப்படியே எழுதுங்கள். பள்ளிவாசல் என்று போட்டால், வெள்ளிக்கிழமைத் தொழுகை நடக்கும் முகிமின் பெரிய பள்ளியோடு குழம்பும். மெனாசா ஊருக்கு ஒன்று. தொழுகையும் அங்கே, பிள்ளைகள் ஓதுவதும் அங்கே, வாய்க்கால் தகராறு பேசித் தீர்ப்பதும் அங்கே. நம் ஊர்ச் சாவடியும் தைக்காவும் ஒரே கூரைக்குள் இருந்தால் எப்படியோ அப்படி.

இந்தக் குழப்பமெல்லாம் இங்கிலீஷ் வழியாக வருவதால்தான் என்று நினைக்கிறேன். கம்போங் முதலில் இங்கிலீஷுக்குப் போகிறது, அங்கே அளவு பார்த்து ஒரு சொல் கிடைக்கிறது, அந்த அளவைத் தமிழில் பெயர்க்கிறார்கள். நடுவில் இருந்த மனிதர்கள் காணாமல் போகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆச்சேயின் மேற்குக் கரையில் பல கம்போங்களில் வீடு, மரம், எல்லைக்கல், பத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. நாகப்பட்டினத்தை அடித்த அதே அலை. பிழைத்தவர்கள் திரும்பி வந்து வெறும் மண்ணில் கூடி நின்று, இது இன்னார் மனை, இது இன்னார் வயல் என்று ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டு எல்லை போட்டார்கள். அன்றைக்கு அங்கே இருந்தது கம்போங் மட்டும்தான்.

லாம்புக்கில் சுற்றிலும் எல்லாம் போய்ப் பள்ளிவாசல் மட்டும் நின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். லாம்புக் ஒரு முகிம். அதன் கம்போங்களில் ஒன்றின் பெயர் மெனாசா மெஸ்ஜித், இன்னொன்று மெனாசா ப்லாங், அதாவது வயல் மெனாசா. அதைப் பற்றி யாராவது குறிப்பு எழுதினால் முதல் வரி இப்படி இருக்கலாம்: "மெனாசா ப்லாங், ஆச்சே பெசார் மாவட்டம் ல்ஹோக்ங்கா வட்டத்தில், லாம்புக் முகிமைச் சேர்ந்த ஊர்."